செட்டியார் பொம்மையின் மூக்கும் மாருதி 800-இன் புஷ்ஷும்

ஆவணி பிறந்துவிட்டால் எனக்குப் பண்ருட்டிக்குப் போவதும் வருவதுமாகவே இருக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலை ஒட்டிப் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வருஷம் பூரா கற்பூரம், திரி, ஊதுபத்தி. நவராத்திரிக்கு முன்னால் ஒன்றரை மாதம் மட்டும் கொலு பொம்மை. பண்ருட்டியில் பொம்மை வாங்கி, அப்பா 2003-இல் எடுத்த மாருதி 800-இன் பின் சீட்டை மடக்கி, வைக்கோலில் புதைத்து, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் வழியாகக் கொண்டுவருவேன். இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கரும்பு லோடு டிராக்டர் ஓடி ஓடி ஓரம் சரிந்த ரோடு, ஒட்டுப் போட்டதன் மேலேயே இன்னொரு ஒட்டு, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே லோடில் ஏழு பொம்மைக்கு மூக்கு போயிருந்தது. அதில் ஒன்று செட்டியார். கையில்லாத காவல்காரனைக்கூடப் பின் படியில் வைத்து ஒப்பேற்றலாம். மூக்கில்லாத செட்டியாரை யார் வாங்குவார்கள்? வழியெல்லாம் முன் பக்கம் ஒரு ‘டக் டக்’ வேறு.

ஒரு பட்டறையில் விட்டேன். பேர் வேண்டாம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், “ஷாக் போயிடுச்சுக்கா, பழைய வண்டி இல்லையா” என்று முன் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டார்கள். வேலைக் கூலியோடு ஐயாயிரத்தைத் தாண்டியது. வீடு வந்து சேர்வதற்குள் அதே ‘டக் டக்’.

பிறகு பழைய நகரத்தில் அப்பாவின் காலத்து மெக்கானிக் பாயிடம் போனேன். வயசாகிவிட்டது, பட்டறையை மகன் பார்க்கிறான், இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி தெருமுனை திரும்பி வரும்போதே, “ஷாக்க ஏம்மா கழட்டுன? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருந்துச்சு. புஷ்ஷு கத்துது” என்றார். ஸ்டெபிலைசர் பார் புஷ்: முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர். இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அன்றைக்கு வந்த எரிச்சலில்தான் வண்டிக்கடியில் தலையை விட ஆரம்பித்தேன். அவரிடம் கற்றதும் என் கையில் பட்டதும்தான் இது. உங்களுடையது மாருதி ஜென்னாக இருந்தாலும் ஆல்ட்டோவாக இருந்தாலும் முன் பக்கம் ஏறக்குறைய இதே கதைதான்.

முதல் வேலை கேட்பது. ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, டாஷ்போர்டிலும் கதவுப் பையிலும் கிடக்கும் சில்லறை, பாட்டில், சாவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பின் கதவுக்குள் உருளும் ஜாக்கிக் கம்பியைச் சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தவள் நான். இருபது கிலோமீட்டர் வேகம் போதும். வேகமாகப் போனால் டயர் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ரோடு முழுக்கக் குறுக்கே போட்டிருக்கும் வேகத்தடையில் நேராக ஏறி இறங்குங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அப்போது சத்தமே இல்லை. ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ‘டக்’ என்கிறது என்றால் ஸ்டெபிலைசர் பார் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கம்பி இடமும் வலமுமாக இரண்டு சக்கரத்தையும் இணைக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் கம்பிக்கு முறுக்கு இல்லை, அது பாட்டுக்குச் சுழன்று கொடுக்கும். ஒன்று மட்டும் ஏறினால்தான் முறுக்கும். முறுக்கும்போது தேய்ந்த ரப்பருக்குள் இரும்பு இடித்துக்கொள்ளும். என் வண்டியை ஷாக் என்று சொன்ன பட்டறைக்காரர் இந்த ஒரு வேகத்தடையில் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அதே வேகத்தடையில் இறங்கியபின் வண்டி ஒரு தரம் குனிந்து நிமிர்ந்து நின்றால் ஷாக் பரவாயில்லை. கோயில் மாடு தலையாட்டுகிற மாதிரி மூன்று நான்கு தரம் ஆட்டினால் ஷாக் போய்விட்டது. இதற்குச் சத்தம் வர வேண்டும் என்றே இல்லை.

காலி ரோட்டில் மெதுவாகப் போய்ப் பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் காலுக்கடியில் ஒரு ‘டக்’ வந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை) புஷ், இல்லாவிட்டால் ஸ்டெபிலைசர் பார் லோயர் ஆர்மில் நுழையும் இடத்தில் இருக்கும் புஷ். மாருதி 800-இல் அந்தப் பார் சாய்வைத் தடுப்பதோடு, சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் இழுத்துப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதனால் அந்தச் சின்ன ரப்பர் போனால் சத்தத்தோடு நிற்காது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டொய்ங்’ என்று தந்தி மீட்டியதுபோல் கேட்டால் அது ஸ்ட்ரட்டின், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன்பக்கத் தூணின், தலைப்பகுதி. பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் வட்டமான மேடு தெரியும். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டியரிங் திருப்பச் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் பேரிங் இறுகியிருந்தால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு போய்த் திடீரென்று துள்ளி விடுபடுவது உள்ளங்கையில் தெரியும். இந்த வேலைக்கு என் பையனைத்தான் கூப்பிடுவேன், ஒரு ஐஸ்கிரீம் செலவு.

‘தட்’ என்று வண்டியே இடிவாங்கியதுபோல் வந்தால் பம்ப் ஸ்டாப். ஷாக் தண்டு முழுக்க உள்ளே போகும்போது கடைசி இடியைத் தாங்கும் ரப்பர் அது. இருபது வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ஷாக் மாற்றும்போது இதை மாற்றாமல் விடுவதும் வழக்கம், தெரியவா போகிறது! பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

‘லொட லொட’ பின்னாலிருந்து வந்தால் முதலில் சைலன்சர் தொங்கும் ரப்பரைப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

சத்தம் பிடிபட்டதும் எல்லோரும் நேரே வண்டிக்கடியில் போவார்கள். நான் முதலில் டயரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். 800-க்கு 12 அங்குலச் சக்கரம். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் இது விழுந்து எழுந்துதான் வரும், அதற்கு மருந்தில்லை. ஆனால் காற்று நம் கையில் இருக்கிறது. கம்பெனி சொன்ன அளவு கதவோரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பங்கில் கேட்காமலே நாற்பது அடித்துவிட்டால் வண்டி கல்லாகிவிடும், மைலேஜ் கொஞ்சம் கூடினாலும் முதுகு கேட்கும். காலையில், ஓடாத டயரில் பாருங்கள். பிறகு டயரின் வயசு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும்: 1417 என்றால் 2017-இன் 14-வது வாரம் செய்தது. கொஞ்சமாக ஓடும் வண்டியில் பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் புடைப்பு, தேயாது, ரப்பர் மட்டும் இறுகிப் போகும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத டயரோடு புது ஷாக் போட்டு என்ன பயன்?

டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாட்டில் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, தோசைக்கல்லில் அலை அலையாய் வெந்த மாவு மாதிரி தட்டுப்பட்டால் ஷாக் வெகுநாளாகவே போய்விட்டது என்று அர்த்தம். சக்கரம் ரோட்டில் பதியாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் அது அலைன்மெண்ட், சக்கரம் நிற்கும் கோணத்தின் கணக்கு.

இனி அடிப்பாகம். இதில் விளையாட்டு வேண்டாம். வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். சமதளம், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கியபின் பாடிக்கடியில் இரும்பு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் பட்டறைக் குழியில் ஏற்றச் சொல்லி இறங்கிப் பாருங்கள். டார்ச் ஒன்று, பழைய துணி ஒன்று, ஒரு முழ நீளத்துக்கு நெம்புகோல் ஒன்று. அவ்வளவுதான் சாமான்.

சக்கரம் தொங்கும்போது மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12-லும் 6-லும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் முனையைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டு). 9-லும் 3-லும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்டு, ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை. 12-6 ஆட்டத்தில் எது என்று பிரிக்க, உள்ளேயிருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் பக்கம் போங்கள்.

பால் ஜாயிண்டுக்குத் தனியாக நெம்புகோல் சோதனை. சக்கரம் தொங்கட்டும். டயருக்கடியில் கோலை விட்டு மெல்லத் தூக்குங்கள். ஒருவர் தூக்க, மற்றவர் லோயர் ஆர்ம் முனையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ‘கிளுக்’ என்று ஒரு நூல் இடைவெளி திறந்து மூடினாலும் அது மாற்ற வேண்டிய பால் ஜாயிண்ட். அதைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் ஆட்டம் இல்லாவிட்டாலும் நாள் எண்ணப்படுகிறது. இந்த ஒன்றில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். புஷ் போனால் சத்தம், ஷாக் போனால் ஆட்டம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். சில வண்டியில் இது லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும், சிலதில் தனியாகக் கிடைக்கும். கடையில் மாடலும் வருஷமும் சொல்லிக் கேளுங்கள்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தங்கை வீட்டில் நின்றிருந்த என் வண்டி சக்கரம் மூழ்கும் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று சந்தோஷப்பட்டோம். மாசிக்குள் இடது பால் ஜாயிண்ட் ‘கிரீச் கிரீச்’ என்று கத்த ஆரம்பித்தது. உறையில் ஒரு சின்னக் கீறல், அதற்குள் சேறு. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் எண்ணெய் மாற்றுவதற்கு முன் இந்த உறைகளைத் துடைத்துப் பாருங்கள்.

இப்போது புஷ். பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான்: இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். ஆனால் பழைய வண்டி ‘இரைகிறது’, ‘அதிர்கிறது’ என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இங்கேதான். பெரிய பள்ளத்தை ஸ்பிரிங்கும் ஷாக்கும் பார்த்துக்கொள்ளும். சல்லி ரோட்டின் பொடி அதிர்வை வடிகட்டுவது டயரும் இந்த ரப்பரும்தான். ரப்பர் இறுகிவிட்டால் சத்தமே வராமல்கூட வண்டி முரடாகிவிடும். சத்தம் இல்லையே என்று நாமும் வயசைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல் தோலில் மயிரிழை வெடிப்பு இருபது வருஷ வண்டியில் சகஜம். நெம்புகோலை ஆர்முக்கும் சேசிஸுக்கும் நடுவே விட்டு மெல்ல நெம்பும்போது அந்த வெடிப்பு வாய் திறந்தாலோ, இரும்புக் குழாய் ரப்பரை விட்டுத் தனியே நகர்ந்தாலோ மாற்ற வேண்டும். பலமாக நெம்பினால் நல்ல புஷ்ஷும் அசையும், அதைக் காட்டிக் காசு பறிப்பவர்களும் உண்டு.

கடலோரக்காரர்களுக்கு ஒன்று. தேவனாம்பட்டினம் காற்று இரும்பைத் தின்னும் என்று பயந்து, வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகத்துக்கு ஆயில் ஸ்பிரே அடிக்கச் சொல்வோம். கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடிப்பார்கள். இரும்புக்கு நல்லதுதான். ரப்பர் அதைக் குடித்து ஊதி, பொதபொதவென்று ஆகிவிடும். அப்பா வருஷம் இரண்டு தரம் தவறாமல் அடிப்பார். நான் கழற்றிய புஷ் ஒவ்வொன்றும் ஊறிய அப்பளம் மாதிரி இருந்ததன் காரணம் பாய் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதோடு சரி. துருப்பிடிக்கும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் பூசுகிறேன்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயர்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். குலுக்கலைத் தாங்குவதும் வண்டியின் எடையைச் சுமப்பதும் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் அது ஊஞ்சல், தானாக நிற்காது. அந்த ஊஞ்சலைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், சின்னத் துளைகள் வழியே அது புகுந்து வர வேண்டியிருப்பதால் அசைவு அடங்கி, அந்த வேகமெல்லாம் சூடாகிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓட்டிவிட்டுத் தொட்டால் சுடும். சுடாவிட்டால்தான் கவலை. மூலையில் கை வைத்து அமுக்கி விடும் சோதனை எல்லோருக்கும் தெரியும்: ஒரு தரம் எழுந்து அடங்க வேண்டும். ஆனால் அதில் முழுக்கச் செத்த ஷாக்தான் மாட்டும், பாதி போனது தப்பித்துக்கொள்ளும். அதனால் குழாயைப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பிக் கறுப்பாய்க் கட்டியிருந்தால் போய்விட்டது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி ஒரு பக்கமாய்த் தோள் சாய்க்கும்.

முன் ஸ்ட்ரட்டை வீட்டில் பிரிக்க நினைக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் கையை எடுத்துவிடும். அதற்கான கிளாம்ப் உள்ள பட்டறைதான் சரி.

ஸ்பிரிங் போவது மெதுவாக, நமக்குத் தெரியாமல். சமதளத்தில், ஆளில்லாமல் நிறுத்தி, சக்கர நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் வேறுபடலாம். இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். சுருளின் கடைசி வளையத்தையும் தடவிப் பாருங்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்து அங்கேதான் ஒடியும். இறங்கிய ஸ்பிரிங்கைத் தூக்க, சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையம் விற்கிறார்கள். உயரம் வரும், வண்டி கட்டை வண்டியாகிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. அம்பாசிடரும் பத்மினியும் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் சுருளுக்குப் பதில் பட்டை ஸ்பிரிங். அங்கே பட்டை ஒடிந்திருக்கிறதா, பட்டை முனையைத் தாங்கும் ஷாக்கிளின் புஷ் ஓவலாகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

பின்பக்கம் இன்னொன்று. 800-இல் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் குறுக்கே ஒரு கம்பி பிடித்திருக்கும். அதன் முனைப் புஷ் போனால் மேடு ஏறி இறங்கும்போது பின்பக்கம் மட்டும் இடுப்பை ஒடிக்கும். பின் சீட்டில் உட்காருகிறவர்களைக் கேளுங்கள், ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. எனக்கு அம்மாதான் சொன்னாள்.

மாட்டும்போது ஒரு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழு டைட் வைத்துவிடுவார்கள். ரப்பரின் உள் குழாய் அந்த நிலையில் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே போகும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தரம் அமுக்கி விட்டு, எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போது டைட் வைக்க வேண்டும். குனிந்து கை விட இடைஞ்சல் என்று முணுமுணுப்பார்கள். “நான் டீ சொல்றேண்ணா, இறக்கிட்டே டைட் வைங்க” என்பேன். நடக்கும்.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன் காற்றுச் சரியாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியபின் நட்டுகளை ஒரு சுற்று டைட் பார்க்கச் சொல்லுங்கள்.

போன நவராத்திரிக்கு நான்கு நடை போனேன். உடைந்தது ஒரே ஒரு மயிலின் கொண்டை, அதுவும் இறக்கும்போது நான் கை தவறியது. டேப் பிடித்ததில் பின் வலது பக்கம் இடதைவிட 12 மி.மீ. இறங்கியிருக்கிறது. ஆடி மாசம், பொம்மை நடை தொடங்குவதற்கு முன்பே, பின் ஸ்பிரிங் ஜோடியாக மாற்றச் சொல்லி பாயின் மகனிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.